மூட்டை அறை

அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஆத்தூர் ரோட்டில்
புளித்த மாவு வாசம் எங்கே மூக்கில் ஏறுகிறதோ
அங்கே இடது பக்கம் திரும்ப வேண்டும்.

காலிச் சாக்கு அடுக்கிய அறையைக்
கழுவிக் கொடுத்தார்கள்.
மூன்று மேசை, இரண்டு கம்ப்யூட்டர்,
வடக்கே ஒரு ஜன்னல்.
வெளியே ஜவ்வரிசி காயும் களம்,
அதற்கும் அப்பால் சேர்வராயன் மலை.
பதினோரு மணிக்கு மேல் களத்து வெள்ளை எழும்பி
திரையில் இருப்பதையெல்லாம் அழித்துவிடும்.
டிசைன் பிரிவின் முதல் செலவுக் கணக்கு:
பச்சைத் துணி, நான்கு மீட்டர்.

"கோயமுத்தூர்க்காரனுக்கு வருஷம் எட்டு லட்சம் அழுதாச்சு.
இனிமே வீட்டுச் சமையல்தான்"
என்றார் முதலாளி செங்கோட்டுவேல்.
வீட்டுச் சமையல் என்றால்
யாரும் எப்போதும் வந்து
மூடியைத் திறந்து பார்க்கலாம்.

மாதேஷ் ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து வந்தவன்.
காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும்
ஒரே வேகத்தில் பூ வைப்பான்.
பெனாசிர் கல்லூரி முடித்த கையோடு வந்தாள்.
'ழ'வின் வால் பக்கத்து எழுத்தை இடிக்கிறதென்று
ஒரு பகல் முழுக்க உட்காருவாள்;
கேட்டால் பதில் வராது.
நடுவில் என் நாற்காலி.
இவன் அவசரத்தை அவளுக்கும்
அவள் தாமதத்தை இவனுக்கும்
மொழிபெயர்ப்பதுதான்
எனக்குச் சம்பளம் தந்த வேலை.

வந்தார்கள், திறந்து பார்த்தார்கள்.
விற்பனை மேலாளருக்கு எழுத்து இன்னும் பெரிசாக வேண்டும்.
கணக்கருக்கு மஞ்சள் ராசியில்லை.
முதலாளியின் மச்சினர் நிலையில் சாய்ந்தபடி
"ஒரு மயில் போடுங்களேன்" என்றார்.

போட்டோம்.
பதினொரு மயில்.

பன்னிரண்டாவது கேட்டபோது
ஒரு சேமியாப் பெட்டியில் துளை போட்டு
வாசலில் வைத்தேன்:
'எது வேண்டுமென்று சொல்ல வேண்டாம்.
ஏன் என்று எழுதிப் போடவும்.'
மச்சினர் ஒரு வாரம் எங்கள் பக்கம் வரவில்லை.
பிறகு பெட்டியில் ஒரு சீட்டு,
காப்பிக் கறையோடு:
'படிக்கத் தெரியாதவங்க கடையில
நம்ம சரக்கை என்னான்னு சொல்லிக் கேப்பாங்க?'

மூவருக்கும் தெரியவில்லை.

லீ பஜாரில் மூன்று காலை நின்றோம்.
மூட்டை இடித்தது, வசவு கிடைத்தது,
மாதேஷின் செருப்பு அறுந்தது.
மூன்றாம் நாள் ஒரு அம்மாள் கேட்டாள்:
"செவப்புக் கோடு போட்டதுல அரைக் கிலோ."
அசிங்கமென்று முதல் வாரமே
நாங்கள் அழித்த கோடு.

இன்னும் அகலமாகத் திரும்ப வைத்தோம்.
மச்சினர் பெயரை டிசைன் ஃபைலில் போட்டேன்,
மயிலுக்குப் பதிலாக.

ஆனாலும் சித்திரையில் அது நடந்தது.
காலாவதித் தேதிக்கான இடம்
ஒட்டும் மடிப்புக்குள் போய்விட்டது.
நாற்பதாயிரம் கவருக்கான ரோல்.
செங்கோட்டுவேல் வாசலில் நின்றார்.
"யார் பண்ணுனது?"

பெனாசிர் எழுந்திருக்க நாற்காலியைத் தள்ளும் சத்தம்.
நான் வாயைத் திறப்பதற்குள்
மாதேஷ் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னான்:
"நாங்கதான் சார்."

அவர் அந்த ரோலை விரலால் ஒருமுறை சுண்டினார்.
"நாங்க என்னப்பா நாங்க.
காசு என்னுது. நாமன்னு சொல்லு"
என்று விட்டுப் போய்விட்டார்.
அது மன்னிப்பா கிண்டலா என்று
இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.
மறுநாள் முதல்
அச்சுக்குப் போகும் ஒவ்வொரு தாளிலும்
மூன்று கையெழுத்து.

நேற்று மூன்று மணிக்கு
மலைப் பக்கம் கறுத்து, திடீரென்று மழை.
களத்து ஆட்கள் எதையோ உருட்டிக்கொண்டு ஓடினார்கள்.
பச்சைத் துணியை விலக்கிப் பார்த்தோம்.
வீணாய்ப்போன எங்கள் ரோல்.
ஈர ஜவ்வரிசி மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை
விரித்துக் கல் வைத்தார்கள்.
சேலத்து மழை மொத்தமும்
எங்கள் கோட்டின் மேல் விழுந்து தெறித்தது.

வெகுநேரம் பார்த்துவிட்டு
கேட்காமலே பெனாசிர் சொன்னாள்:
"சிவப்பு ஒரு புள்ளி அதிகம்."