எட்டாம் இலக்கக் கண்ணாடி

படை என்று சத்தமாய்ச் சொன்னால்
இந்த ஊரில் யாராவது நிமிர்ந்து பார்ப்பார்கள்.
நான் சொல்லும் படை
தலைமுடியின் தடிப்பில் இருநூறில் ஒரு பங்கு.
கண்ணாடியில் கடத்தும் பூச்சு,
அதன்மேல் தைத்தேனியம் ஒட்சைட்டு,
அதன்மேல் அது: பெரோவ்ஸ்கைட்டு.

சுழலும் மேடையில் ஊற்றும்போது மஞ்சள்.
நூறு பாகைச் சூட்டுத் தட்டில் வைத்தால்
பாணின் அடி கருகுவதுபோல் கறுக்கும்.
எத்தனையோ தரம் கண்டாயிற்று,
இன்னமும் மூச்சை அடக்கித்தான் பார்க்கிறேன்.

வெளிச்சம் விழ, இலத்திரன் ஒன்று எழும்பிப் போகும்.
அது இருந்த இடத்துக்குத் துளை என்று பெயர்.
துளையும் நடக்கும்.
இல்லாத ஒன்று நடந்து திரியும் என்பதை விளங்கிக்கொள்ள
எனக்கு விரிவுரை தேவைப்படவில்லை.

ஒன்று கீழே போகவேணும், ஒன்று மேலே.
கெடுதி எல்லாம் எல்லையில்தான்.
ஒரு படை முடிந்து மறுபடை தொடங்கும் இடத்துக்கு
இடைமுகம் என்கிறது பாடநூல்.
அங்கே ஒரு தூசு,
ஓர் ஊசித்துளை,
ஐப்பசி ஈரத்தில் யாரோ விட்ட மூச்சு:
போன இலத்திரன் திரும்பி வந்து
துளைக்குள் விழுந்து
வெறும் சூடாகிப் போகும்.
யாருடைய கணக்கிலும் வராத வெயில்.

மேல் மின்வாய்க்கு முதலில் வெள்ளி வைத்தோம், மலிவென்று.
மூன்றாம் கிழமை விளிம்பு மஞ்சளித்தது.
அடியிலிருந்து அயடீன் ஊர்ந்து வந்து
வெள்ளியைத் தின்றிருந்தது.
"வாயையே தின்னுற பசி இப்பத்தான் காணுறன்"
என்றார் பத்திநாதர், கையுறையைக் கழற்றியபடி.

பிறகு பொன்.
கஸ்தூரியார் வீதியில் அரைக் கிராம் கம்பி கேட்டேன்.
"காதுக்கோ, மூக்குக்கோ?"
கண்ணாடிக்கு என்றேன்.
கடைக்காரர் எனக்குப் பின்னால்
பெரியாட்கள் யாரும் நிற்கினமோ என்று பார்த்தார்.
வெற்றிடத்தில் ஆவியாக்கி
எண்பது நானோமீற்றர் படியவிட, என்று தொடங்கினேன்.
"பொன்னை ஆவியாக்கப் போறியளோ?"
இரண்டு தரம் கேட்டார்.
செய்கூலி மட்டும் போடவில்லை.

புதன் பின்னேரம்.
தங்குதன் தகட்டில் ஒரு பள்ளம், தோணி என்போம்.
கம்பியை அதில் ஏற்றி
மணிக்கூண்டின் காற்றை உறிஞ்சி எடுத்து
மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்ட
தோணி சிவந்து, வெளுத்து,
பொன் உருண்டு ஒரு துளியாகும் நேரம்
கரண்ட் போனது.

நிரோஜினிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.
சூரிய மின்கலம் செய்யிற அறையில், என்றாள்,
அதற்கு மேல் சொல்ல வரவில்லை அவளுக்கு.
ஜெனரேற்றர் எழும்ப ஏழு நிமிடம்.
எவ்வளவு காற்று உள்ளே புகுந்தது என்று தெரியாது.
மிச்சத்தை ஆவியாக்கினோம்.

பன்னிரண்டு கண்ணாடி.
ஒன்பதில் பொன் விரல் பட உரிந்தது.
இரண்டில் குறுஞ்சுற்று.
எட்டாம் இலக்கத்துக்குக் கவ்விகள் பூட்டி
விளக்குக்கு அடியில் வைத்தேன்.

மின்னழுத்தத்தை மேலிருந்து இறக்கினால்
பதினான்கு வீதம்.
கீழிருந்து ஏற்றினால்
பதினொன்று.
எந்தப் பக்கத்தால் வருகிறாய் என்று பார்த்துத்தான்
பதில் சொல்கிறது இதுவும்.
எதை எழுதுவது?
இரண்டையும் எழுது, என்றாள் நிரோஜினி.
எழுதினேன். அம்புக்குறி போட்டு.

சனிக்கிழமை அதைப் பஞ்சில் சுற்றி
கஸ்தூரியார் வீதிக்குக் கொண்டுபோனேன்.
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
கறுத்தக் கண்ணாடியில் நாலு பொற்பொட்டு,
ஒவ்வொன்றும் பயத்தம் பருப்பளவு.
கடைக்காரர் உருப்பெருக்கியைக் கண்ணில் சொருகி
நெடுநேரம் பார்த்தார்.
"இதிலையோ அந்த அரைக் கிராம்?"
இதில் கொஞ்சம்.
மிச்சம் மணிக்கூண்டின் சுவரில்.

"சுரண்டிக் கொண்டு வாங்கோ," என்றார்,
"நிறுத்துப் பாப்பம்."