இஸ்திரிப் பட்டாளம்

கொடியை முத்தமிட்டு
உயிரையும் தருவேன் என்று சத்தியம் செய்த
பதினோராம் நாள்
எலிஜியோ ஓவெலாரைச்
செனட்டர் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

லாரி வரவில்லை.
அம்மையாரே காரில் வந்து
அசுன்சியோன் முகாம் வாசலில்
மூன்று பையன்களின் நகங்களைப் பார்த்து
இவனைப் பொறுக்கினார்.

துப்பாக்கி எண் மனப்பாடம்:
நான்கு, பூஜ்யம், ஆறு, ஒன்று, ஏழு.
அது முகாம் அலமாரியில்
எண்ணெய் பூசிக்கொண்டு தூங்குகிறது.
இவன் கையில் இஸ்திரிப்பெட்டி.
முதலில் காலர், பிறகு தோள்,
பிறகு கைப்பட்டி.
நெஞ்சுப் பக்கம் கடைசியில்,
அதற்குள் சூடு கொஞ்சம் தணிந்திருக்கும்.

சம்பளம் ராணுவக் கணக்கில்
சோறு செனட்டர் கணக்கில்
திட்டு இரண்டு கணக்கிலும்.

வீட்டு நாயின் பெயர் கர்னல்.
முதல் நாள், "கர்னல் வருது" என்று
சமையல்கார நிமியா கத்தியதும்
பாத்திரத்தைப் போட்டுவிட்டு விறைத்து நின்றான்.
அவள் சிரித்து முடிக்க ஒரு வாரம் ஆனது.
இப்போது தினமும் காலையில்
சங்கிலி போட்டுக் கர்னலை நடத்திப் போகிறான்.
உலகத்தில் எந்தச் சிப்பாய்க்கு
வாய்த்திருக்கிறது இது?

அம்மா தொலைபேசியில் கேட்டாள்:
ஆபத்தான இடமா?
ஆமாம் என்றான்,
அடுப்பில் கஞ்சி பொங்கிக்கொண்டிருந்தது,
சட்டைகளுக்கு.

ஏழு மணிக்குத் தெயோடோலினா வருவாள்
தலையில் கூடையோடு,
மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் பிசைந்து சுட்ட
சிப்பா விற்க.
(என் மொழியில் எழுதும்போது
அவள் ரொட்டிக்கும் இவன் வேலைக்கும் நடுவே
ஓர் யகர மெய்தான் நிற்கிறது.
அவர்களுக்கு அது தெரியாது.
குவாரனியில் வம்பளக்க அவர்களுக்கு
வேறு விஷயங்கள் இருந்தன.)

ஆகஸ்டு.
லபாச்சோ மரம் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு
வெட்கமில்லாமல் இளஞ்சிவப்பாய் நின்ற வாரம்.
சமையலறைத் தொலைக்காட்சியில்
செனட்டில் ஓட்டெடுப்பு.
எந்தச் சட்டம் என்று இவன் கவனிக்கவில்லை.
ஒரு கை உயர்ந்தது.
முகம் காட்டுமுன்னே தெரிந்துவிட்டது
அந்தக் கைப்பட்டி மடிப்பு
தன்னுடையது என்று.

ராத்திரி தெரு நிறைந்துவிட்டது.
வாணலி தட்டும் சத்தம்,
மதிலைத் தாண்டி முட்டைகள்.
செனட்டர் பைஜாமாவில் இறங்கி வந்தார்:
"நீ சிப்பாய்தானே?"

ஏழு மாதமாய் "ஏய் பையா."
இன்றைக்குத்தான் பதவி உயர்வு.

சுவரில் மாட்டியிருந்த வேட்டைத் துப்பாக்கியை
இறக்கிக் கொடுத்தார்.
துப்பாக்கியைக் கண்டால் தோட்டாவைக் காணோம்.
தோட்டா மேசையறையில்,
மேசையறைச் சாவி அம்மையாரிடம்,
அம்மையார் பின்வாசல் வழியே
அக்காள் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம்.

வாசலில் நின்றான்.
ஏப்ரன் இடுப்பில்தான் இருந்தது.
கூட்டத்தின் முன்வரிசையில்
கூடையைக்கூட இறக்காமல் அவள்.
"எலிஜியோ! செவ்வாய்க்கிழமை வாங்கின
பன்னிரண்டு சிப்பாவுக்குக் காசு இன்னும் வரல!"

கூட்டம் சிரித்தது.
இவனுக்கும் வாய்க்கோணத்தில் வந்தது,
அடக்கினான்.
அப்போது ஒரு கல்
மாடி ஜன்னலைத் தேடிப் போனது.
கண்ணாடி உடைகிற சத்தத்தில்
இவனுக்குத் தோன்றியது ஒன்றே:
நாளைக்கு நான்தானே கூட்டணும்.

கர்னல் கட்டிலுக்கு அடியில்.

காலையில் செனட்டர் வெள்ளைச் சட்டை கேட்டார்.
மைக்குகளின் முன் நின்று
"என் இல்லத்தை நமது வீர ராணுவம் காத்தது" என்றார்.
நிமியா வெங்காயத்தை நறுக்குவதை நிறுத்தி
"எந்த ராணுவம்?" என்றாள்.
வெளிச்சுவரில் காய்ந்த மஞ்சள் கருவை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தவனுக்கு
அது கேட்கவில்லை.

பாக்கிக் காசைத் தன் பையிலிருந்து கொடுத்தான்.
அவள் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

டிசம்பரில் விடுவிப்புச் சான்று தந்தார்கள்.
பெயர், உயரம், ரத்தப் பிரிவு.
கீழே, தட்டச்சில் சற்றே சாய்ந்த வரி:
ஆயுதம் நல்ல நிலையில்
திருப்பி ஒப்படைக்கப்பட்டது.