காற்புள்ளி

மூன்றாம் எண் சன்னலில் என் வேலை.
பொட்டோஷானி நகராட்சி, பிறப்பு இறப்புப் பதிவு.
விசைப்பலகை வெளியூர்ச் சரக்கு,
எங்கள் எழுத்துகள் அதன் முகத்தில் இல்லை.
அரைப்புள்ளி அச்சிட்ட விசையைத் தொட்டால் 'ஷ' வரும்,
அதன் பக்கத்து விசையில் 'த்ஸ'.
விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.
புதிதாய் வேலைக்கு வருகிறவர்களுக்காக
இரண்டின் மேலும் நகச்சாயம் தடவி வைத்திருக்கிறேன்.
சிவப்பு. ஓரம் உரிந்துவிட்டது.

பிப்ரவரி. தரையெங்கும் உருகிய பனி, பூட்ஸ் தடம்.
டொம்னிகா த்ஸரூஷ் வந்தாள்.
பதினான்கு வருடம் பெர்கமோவில்
யாரோ ஒருவருடைய தாயைக் குளிப்பாட்டியவள்.
அப்பா போய்விட்டார், வீடு நிற்கிறது,
வீட்டை எழுத அப்பா செத்ததற்குச் சான்று வேண்டும்.
கவ்ரில் த்ஸரூஷ். தச்சர். பிறந்ததும் இங்கேதான்.

தட்டினேன்.
பதிவு எதுவும் இல்லை என்றது திரை.
மறுபடி தட்டினேன், ஒவ்வொரு விசையாக,
காது கேளாதவரிடம் பேசுவதுபோல்.
இல்லை.
"அடக்கம் பண்ணினோமே" என்றாள்,
சண்டையாக இல்லை,
முட்டை விலை கேட்கிற குரலில்.

கணினிப் பிரிவிலிருந்து லெயோன்தின் வந்தான்.
ரொட்டித்தூள் ஒட்டிய விரலால்
எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனான்,
திரை முழுக்க ஒரே எழுத்தாகும் வரை.
அப்போதுதான் பார்த்தேன்.
மகள் பெயரில் எழுத்தின் காலடியில் காற்புள்ளி,
தொடாமல், மயிரிழை தள்ளி.
தகப்பன் பெயரில் கொக்கி,
காலோடு ஒட்டிப் பிறந்த வால்,
துருக்கிக்காரர் எழுத்தில் தொங்குகிற அதே வால்.

"இயந்திரம் செய்தவர்களுக்கு
இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது" என்றான்.
"நமக்கும் சேர்த்து ஒரே வாலாகக் கொடுத்துவிட்டார்கள்.
நம்முடையதைக் கேட்டு வாங்குவதற்குள்
பாதி ஊர் வாலோடு பதிவாகிவிட்டது."

ஆக, அவள் ஐந்நூற்று முப்பத்தெட்டில் தொடங்குகிறாள்.
அவர் முந்நூற்று ஐம்பத்து நான்கில்.
நடுவே நூற்று எண்பத்து நான்கு படி.
பழைய அடையாள அட்டையில் அவர் மூக்கைப் பார்த்தேன்,
நிமிர்ந்து சன்னலுக்கு வெளியே பார்த்தேன்,
அதே மூக்கு, குளிரில் சிவந்து.
எண்ணுக்கு ஏது மூக்கு.

விசைப்பலகையைப் பழைய அமைப்புக்கு மாற்றினேன்.
அதே விசை, அதே நகச்சாயம், அதே விரல்.
வந்துவிட்டார்:
கவ்ரில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று, தச்சர்.
மகள் யாரும் இல்லை.

திருத்த எனக்கு அதிகாரம் கிடையாது.
புக்கரெஸ்டுக்கு மின்னஞ்சல் எழுதினேன்,
இரண்டு எழுத்தையும் அடுத்தடுத்து வைத்து,
பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கி.
ஒன்பதாம் நாள் பதில்:
"? என்பதும் ? என்பதும் வேறு வேறு என்கிறீர்கள்.
வேறுபாட்டைத் தெளிவுபடுத்தவும்."
என் பெயரிலும் இரண்டு கேள்விக்குறி இருந்தது.
வாய்விட்டுச் சிரித்தேன்; வரிசையில் நின்றவர்கள் முறைத்தார்கள்.

மார்ச் கடைசியில்தான் முடிந்தது.
எப்படி என்று கேட்காதீர்கள்.
லெயோன்தினுக்கு ஒரு புட்டி பிளம் சாராயம் கடன்.

பெற்றுக்கொண்டதற்குப் பதிவேட்டில் கையெழுத்திட்டாள்.
பெர்கமோக் கையெழுத்து.
சம்பளச் சீட்டு சம்பளச் சீட்டாக எழுதி
குறிகள் எல்லாம் உதிர்ந்த பெயர்:
தரூஸ்.
யாரோ இத்தாலிக்காரி.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

கதவு வரை போனவள் திரும்பி வந்தாள்.
வரிசையை முந்திக்கொண்டு, கையுறையைக் கழற்றாமல்,
நூலில் கட்டிய பேனாவை எடுத்து
கீழே இரண்டு, மேலே ஒன்று
போட்டுவிட்டுப் போனாள்.

முதல் கோடு காலில் ஒட்டியதா, தள்ளி நின்றதா,
ஈரக் கையுறை பட்டு மை பரவியிருந்தது.
பதிவேட்டை மூடினேன்.
அடுத்தவர்.