பூச்சியம் தசம் ஒன்று

முதல் தடவை ஓடவிட்டபோது
ஜன்னல் திறந்தது, வெள்ளையாய்.
அச்சுகள்கூட வரவில்லை.
மேலே ‘பதிலளிக்கவில்லை’ என்று ஒரு வரி.
உள்ளே பைத்தன் மட்டும்
குனிந்த தலை நிமிராமல்
பத்தாயிரம் படி இறங்கிக்கொண்டிருந்தது.
எட்டு நிமிடம் கழித்து
முழுப் படமும் ஒரேயடியாய் விழுந்தது:
மேல் லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவு
எப்போதோ ஒன்றுக்குக் கீழே போய்
முடிந்திருந்தது.

எப்போது என்றுதான் எனக்குப் பார்க்க வேண்டும்.

கண்டியிலிருந்து தயாபரன் சொன்னான்:
“லூப்புக்குள்ள ஒரு நிறுத்தம் போடு.
பூச்சியம் தசம் ஒன்று செக்கன் காணும்.
கணக்கு விட்டாத்தான் திரை வரையும்.
படிக்குப் படி புதுக் கோடு கீறாதே,
மெமரி நிரம்பிச் செத்துப்போகும்.”
ஏற்கெனவே செத்திருந்தது. சொல்லவில்லை.
இருக்கிற கோட்டின் எண்களை மட்டும் மாற்றினேன்.

நகர்கிறது.

மஸ்கெலியா பஜார், இரும்புக்கடைக்கு மேல் அறை.
கரண்ட் போய் வந்து போகிறது.
மருதமுத்து அண்ணன் தோட்டத்து மழைமானியைப் பார்த்து
மூன்று மணிக்கொருக்கால் அனுப்புகிறார்:
32. 41. பிறகு,
‘டார்ச் வெளிச்சத்துல சரியா தெரியல தங்கச்சி,
57னு போடு.’
போட்டேன். நாளைய மழை ஊகம்தான்.
மறுபடி முதலிலிருந்து.

நடுவில் கோடு காணாமல் போனது.
வெறும் சாம்பல் கட்டங்கள்.
ஆபத்தில்லை போலும் என்று
தேத்தண்ணிக்கு எழுந்தும் விட்டேன்.
அச்சின் அடியெல்லையை 1.2 என்று வைத்தது நான்தான்.
அதற்குக் கீழே
கோடு தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

நிறுத்தங்களோடு எட்டு நிமிடம்
இருபத்தைந்தாகிவிட்டது.
ஐம்பது படிக்கொருமுறை வரைந்தால் போதாதா
என்கிறான் தயாபரன்.
போதும்தான்.
ஆனால் ஒரு படி அரை நிமிட மழை.
ஐம்பது படிக்குள்
பதினெட்டு வீட்டுக் கதவையும் தட்டி
பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு
கோயில் மண்டபம் வரை நடந்துவிடலாம்,
சப்பாத்தைத் தேடாவிட்டால்.

படி 6,214. 1.07.
நிறுத்தத்தில் தகரத்து மழை கேட்கிறது,
அல்லது எப்போதும் கேட்டுக்கொண்டிருந்ததா?
6,215.
கோடு கொஞ்சம் ஏறிய மாதிரி இருந்தது.
இல்லை.

போனை எடுக்கிறேன்.
அந்தப் பக்கம் மணி போகிறது.
6,231.
இன்னும் எடுக்கவில்லை.