பால் காய்ச்சல்

பெயர்தான் காய்ச்சல்.
காதைப் பிடித்தால் ஓடைக் கல்லாய்ச் சில்லிடுகிறது.

நியாங்கே படுத்திருக்கிறாள்
தலையை விலாப்பக்கம் திருப்பி,
பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதுபோல.
நான்தான் கூப்பிட்டேன். எத்தனையோ முறை.
மூக்கு காய்ந்து கிடக்கிறது.
நேற்று மாலை பிறந்த கன்று
கோணிக்குள் நிற்பதும் விழுவதுமாக இருக்கிறது.

கினாங்கோப்பில் இது உறைபனி விழும் மாதம்.
ந்திராங்குவின் மோட்டார் சைக்கிள்
உருளைக்கிழங்கு வயலைச் சுற்றி வருவதற்குள்
மூன்று தடவை அவளை நெஞ்சின்மேல் நிமிர்த்தினேன்;
பக்கவாட்டில் சரிந்தால் வயிறு ஊதிவிடும்.
முட்டுக் கொடுக்க வைக்கோல் கட்டு,
அப்புறம் உரமூட்டை,
கடைசியில் என் முழங்கால்.

வந்தவன் உடனே பையைத் திறக்கவில்லை.
"பால் வற்றிய இரண்டு மாதமும் என்ன போட்டாய், கதோனி?"
குதிரைமசால், என்றேன், பெருமையாகத்தான்.
ஓடைக்கரையில் அறுத்தது, தினம் ஒரு சுமை.
"சினைமாட்டுத் தாது உப்பு?"
அந்தப் பை
கூட்டுறவுக் கடையில் எண்ணூற்று ஐம்பது ஷில்லிங்.
விளக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

அவன் திட்டவில்லை.
ஈனும் முன் சுண்ணாம்புச் சத்தை அள்ளி அள்ளிக் கொடுத்தால்
எலும்பு தன் பூட்டைத் திறக்க மறந்துவிடும், என்றான்.
ஈன்ற அன்று மடி வந்து கேட்கும்;
வீடு நிறைய இருக்கும்,
கையில் காசிருக்காது.

அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.

புட்டியை வெந்நீரில் மிதக்கவிட்டான்.
மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்தான்.
கழுத்து நரம்பில் ஊசி.
ஒரு கையில் உயர்த்திய புட்டி,
மறு கையில் நெஞ்சைக் கேட்கும் குழல்.
அவசரப்பட்டால் இதயம் நின்றுவிடுமாம்.
துடிப்பு தடுமாறிய இடத்தில் குழாயை மடித்தான்,
காத்திருந்தான்,
மறுபடி விட்டான்.
இருபது நிமிடம்.
இவ்வளவு மெதுவாக யாரும் எதையும் தந்து
நான் பார்த்ததில்லை.

முதலில் தொடை நடுங்கியது.
ஏப்பம் ஒன்று, நீளமாக, புளித்த புல் வாசனையோடு.
மூக்கில் ஈரம் அரும்பியது.
பிறகு சாணம் போட்டாள்,
நான் கைதட்டிவிட்டேன், வெட்கமில்லாமல்.
பின்கால்களை முதலில் ஊன்றி
எழுந்தாள்,
எழுந்த வேகத்தில் வெந்நீர் வாளியை உதைத்துக் கவிழ்த்தாள்.

ந்திராங்குவுக்கு இரண்டாயிரத்து இருநூறு.
பாதி இப்போது, பாதி பால் பணம் வந்ததும்.
அந்த உப்புப் பை எத்தனை என்று
அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போகும்போது சொன்னான்:
"இன்றும் நாளையும் ஒட்டக் கறக்காதே.
கன்றுக்கு வேண்டியதை மட்டும் எடு. மீதி மடியிலேயே இருக்கட்டும்."

விடிந்தது. மடி கல்லாய்க் கனக்கிறது.
என் விரல்கள்
கடைசிச் சொட்டையும் வழித்தெடுத்தே பழகியவை.
மஞ்சள் சீம்பால், மூன்று லிட்டர்.
நிறுத்தினேன்.
காம்பு தானாகவே சொட்டிக்கொண்டிருக்க
இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்.