நிறமில்லாத நகப்பூச்சு

கீழவாசல் ஃபேன்ஸி கடையில்
நிறமில்லாத நகப்பூச்சு ஆறு பாட்டில் கேட்டேன்.
"ஊதா போட்டுப் பாருங்க மேடம்,
உங்க கைக்கு எடுப்பா இருக்கும்."
கைக்கு இல்லை என்றேன்.
இலைக்கு என்று சொல்லியிருந்தால்
மீதிச் சில்லறை வந்திருக்காது.

அழகர்மலை ஏற்றத்தில் மூன்றாவது வளைவு.
காயா மரம்.
பூக்கும் மாதத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள்,
அடிவாரத்தில் நிற்பவரின் நிறம் என்று
கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.
அன்று பூ இல்லை.
ஓர் இலையைப் புரட்டினேன்.
பேனாவை உதறியது போலக் கரும்புள்ளிகள்.

"டீசல் புகைம்மா" என்றார் வனக்காவலர் சேவுகன்.
"மேல போற வண்டியெல்லாம் இங்கனதான் முக்கும்."
விரலில் எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தார்.
வேட்டி நுனியால் தேய்த்தார்.
"போகல. புடிச்சுக்கிட்டு இருக்கே."
என் கட்டுரையில் அதைவிடச் சரியான வரி
பிறகும் அமையவில்லை.

பதினோரு இலைகள்.
செய்தித்தாளுக்குள் வைத்துக் கட்டியபோது
ஒன்று கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தின்மேல் விழுந்தது.
தல்லாகுளத்துக்காரர், எழுபத்திரண்டு வயது, கறுப்புக் கண்ணாடி.
ஈரம் வற்றும்வரை இருவரும்
முகத்தோடு முகம்.

நகப்பூச்சைத் தடவி, காயவிட்டு,
மூச்சை அடக்கி உரித்தால்
பூஞ்சை தன் நடை கலையாமல்
படலத்தோடு வந்துவிடும்.
கண்ணாடியில் ஒட்டி, வில்லைக்குக் கீழே தள்ளினால்
வடக்குமாசி வீதி மின்கம்பம்:
எந்த ஒயர் எந்த வீட்டுக்கென்று
கம்பத்துக்கே தெரியாத கருஞ்சிக்கல்.
ஒயரின் ஓரமெல்லாம் குட்டிக் கால்கள்,
இலைத்தோலில் ஊன்றி உறிஞ்சுபவை.
இடையிடையே வட்டக் கேடயங்கள்,
முற்றியவை நடுவில் நட்சத்திரமாய்ப் பிளந்திருந்தன.
பிளவில் வித்து.
இரண்டு அறை, இடை சிறுத்து,
உடுக்கை.

முப்பது உடுக்கைகளை அளந்தேன்.
சிறியது பதினெட்டு மைக்ரான், பெரியது இருபத்திரண்டு.
கரண்ட் போவதற்குச் சற்றுமுன் அளந்த ஏழாவதன்மேல்
நம்பிக்கையில்லை, அதை இரண்டு தரம்.
இதன் பங்காளிகளைப் பற்றிய தாள்களைப்
பரக்கத் நிஷா மேசையில் பரப்பி வைத்தாள்.
அவர்களின் கால்கள் மழமழவென்று இருந்தன.
இதன் காலில் மட்டும் மூன்று மடல்.
அவ்வளவுதான் வித்தியாசம்.
சொத்து பிரிக்க அது போதும்.

பெயர் வைக்கும் பேச்சு வந்தது.
கல்லூரிச் செயலர் தம் தகப்பனார் பெயரைச் சொல்லியனுப்பினார்.
நேரில் போய்,
"இலையைக் கறுக்க வைக்கும் சார், ஒட்டுண்ணி" என்றேன்.
காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

மலையின் பெயரே இருக்கட்டும் என்று முடிவானது.
இலத்தீனில் ழகரம் உட்கார இடமில்லை.
அழகர் அலகரானார்.
அழகு, அலகு.
தட்டச்சு செய்த விரல் அந்த இடத்தில் நின்றது.
திருத்தப் பார்த்தேன், திருத்த ஒன்றுமில்லை.
நான்கு மாதமாய் நான் செய்ததும் அதைத்தானே:
மைக்ரானில்,
ஒரு புள்ளிக்குப் பின் ஓர் எண்வரை.

கட்டுரை அச்சேறிய நாளில்
மூலமாதிரியை உறையிலிட்டுக்
காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும்.
கடைசியாக ஒருமுறை பார்ப்போமென்று
வில்லைக்கடியில் வைத்தேன்.
இடது மூலை.
கரிய இழையின்மேல் இன்னொரு இழை,
மோர் நிறத்தில், பாதி தடிமன்,
சுற்றிச் சுற்றி ஏறியிருந்தது.
என் பூஞ்சையைத் தின்னும் பூஞ்சை.
நான்கு மாதமும் அங்கேயே இருந்திருக்கிறது,
தூசி என்று நினைத்திருக்கிறேன்.
சேவுகன் புகை என்றதைச் சிரித்த அதே வாயோடு.

பரக்கத்தைக் கூப்பிட்டேன்.
குனிந்து பார்த்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.
"இது யாரு?" என்றாள்.

ஆறாவது பாட்டிலில்
அடியில் கொஞ்சம் இருந்தது.
நாளைக் காலை
நாற்பத்துநாலாம் நம்பர் பஸ்.