மூன்றாவது கவுன்ட்டர், ரூவி

ஷவர்மா கடைக்கும் சிம் கார்டு கடைக்கும் நடுவே எங்கள் கிளை.
கண்ணாடிக்குக் கீழே ஒரு பிளவு.
அதன் வழியே பணம் வரும், கோபம் வரும்,
வியர்வையில் நனைந்த ரெசிடென்ட் கார்டு வரும்.

பலகை என் தலைக்கு மேலே.
பேசோ, டாக்கா, இலங்கை, பாகிஸ்தான்,
கடைசியில் நாம். பச்சை எழுத்தில் 217.40.
நான் பலகையைப் பார்ப்பதில்லை.
அண்ணாந்த முகங்களைப் பார்த்தே
ஏறியதா இறங்கியதா சொல்லிவிடுவேன்.

ரியால் அசையாது.
டாலரின் முளையில் கட்டிய மாடு அது.
அசைவது நாம்தான்.
ரூபாய் விழுந்த அன்று
வரிசை வாசல் தாண்டி வெயிலில் நிற்கும்.
சொந்த ஊர்க்காசு விழுந்ததற்கு
இனிப்பு வாங்கி வந்தவர்களும் உண்டு.
குறை சொல்ல மாட்டேன்,
அன்றைக்கு முதல் ஆளாய்
வீட்டுக்கு அனுப்புவது நான்.

சவரிமுத்து சாரம் கட்டுகிறவர்.
மாதம் நூற்றைம்பது ரியால்.
ஐந்தாம் தேதி வந்து
போனைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார்:
"இதுல இருநூத்திப் பதினெட்டு போட்டிருக்கே மேடம்,
உங்க பலகையில மட்டும் ஏன் குறையுது?"

அறுபது பைசா.
அந்த அறுபதில்தான் இந்தக் கண்ணாடி,
இந்த ஏசி, என் சம்பளம்,
நான் குடிக்கும் நூறு பைசா டீ.
இங்கேயும் பைசா என்றுதான் பெயர்,
ஆயிரம் சேர்ந்தால்தான் ஒன்று.
எதையும் சொல்லாமல்
"அது பேங்குக்குப் பேங்கு விக்கிற விலை" என்றேன்.

"பத்தொம்போது வரட்டும்" என்று போய்விட்டார்.

இருநூற்று நாற்பது ரூபாய்க்காக அந்தக் காத்திருப்பு.
பெருக்கிப் பார்த்தவள் நான்.
யாரும் கேட்காமலே
ரசீதின் முதுகில் இன்னொன்றும் போட்டேன்:
அடகில் நாற்பதாயிரம், நூற்றுக்கு மூன்று வட்டி,
போன மாதம் அவரே சொன்னது.
பதினோரு நாளுக்கு நானூற்று நாற்பது.
கிழித்துப் போட்டேன்.

பதினாறாம் தேதி வந்தார்.
216.80.
"நேத்து ரேட்டுக்குத் தர முடியாதா?"
நான் என்ன மத்தியா விற்கிறேன்,
மாலையானால் விலை குறைக்க?

அப்போதுதான் அவருக்கு முன்னால் நின்ற ஓமானி,
வெள்ளை திஷ்தாஷா, கையில் பிஸ்கட் டின்,
சிவந்த தாள் ஒன்றைப் பிளவில் நுழைத்தார்.
இறந்துபோன பெரியப்பாவின் பெட்டியில் கிடைத்ததாம்.
வளைகுடாவுக்கென்றே இந்தியா அச்சடித்த ரூபாய்.
இந்தக் கடைவீதியில்
ஒரு காலத்தில் இதுதான் ஓடியது.
"இதற்கு இன்று என்ன விலை?"

கம்ப்யூட்டரில் தேடினேன்.
அதற்கென்று ஒரு வரியும் இல்லை.
திருப்பிக் கொடுத்தேன்.

சவரிமுத்து எட்டிப் பார்த்தார்.
தாளை வாங்கிப் பின்புறம் புரட்டினார்.
எழுத்துக்களின் நெரிசலில் விரலை ஓட்டி,
ஓரிடத்தில் நிறுத்தி,
வரிசை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்:
"பத்து ரூபாய்."

ஓமானி என்னைப் பார்த்தார்,
இவர் என்ன சொல்கிறார் என்று.
அஷரா, என்றேன்.

"சரி மேடம்," சவரிமுத்து கார்டை நீட்டினார்,
"இன்னைக்கு விலைக்கே போடுங்க."
முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது.
கட்டணம் தனி.